செப்டம்பரில் கரீபியன் கப்பல்: போகலாமா, வேண்டாமா?

வாசகியின் கேள்வி:

நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு நான்கு. ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் (கணவரின் அப்பா அம்மா) வந்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்புவதற்குள் எல்லோருமாக ஒரு க்ரூஸ் போய் வரலாம் என்று, பள்ளி விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரலிலிருந்து கிளம்பும் ஏழு இரவுக் கப்பலில் போன வாரம் டெபாசிட் கட்டி இரண்டு கேபின் பிடித்தோம். பஹாமாஸில் கப்பல் கம்பெனியின் தனித்தீவு, சான் ஹுவான், செயின்ட் தாமஸ். விலை கோடை விடுமுறை விலையில் ஏறக்குறைய பாதிதான். இப்போது கேட்பவர்கள் எல்லாம் "ஹரிகேன் சீசனில் யாராவது கப்பலில் போவார்களா" என்கிறார்கள். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து அத்தைக்குத் தூக்கமே இல்லை. கணவரோ "கப்பல்காரனுக்குத் தெரியாததா, ஒன்றும் ஆகாது" என்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் முழுப் பணமும் கட்ட வேண்டும். போகலாமா? மாமா அத்தைக்குச் சென்னை ஃப்ளைட், கப்பல் திரும்பி வந்த இரண்டாம் நாள்.

பதில்:

வணக்கம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. புயலைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல் அந்த வரியில் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாமா அத்தையின் ஃப்ளைட்டை ஒரு வாரமாவது தள்ளிப் போட முடிந்தால் தாராளமாகப் போங்கள். முடியாது என்றால் இந்தக் கப்பலை விட்டுவிடுங்கள். முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன்னால் ரத்து செய்தால் பெரும்பாலும் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். "திருப்பித் தர மாட்டோம்" என்று போட்ட மலிவு டிக்கெட்டாக இருந்தால் அது போகும், போனால் போகட்டும்.

சரி, அத்தையின் பயத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அந்தப் பயத்தை வீட்டில் யாரும் மதித்துப் பதில் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. நாற்காலியும் மேசையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு போகும் மாதிரி ஏதோ ஒரு காட்சியைத்தான் பார்த்திருப்பார். அப்படிச் சுற்றி வரும் வீடியோக்களில் சில ஹரிகேனில் எடுத்தவையே இல்லை. 2016 பிப்ரவரியில் ஆன்தம் ஆஃப் த சீஸ் என்ற பெரிய கப்பல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கேப் ஹேட்டரஸ் பக்கம் ஒரு குளிர்காலப் புயலில் மாட்டிக்கொண்டது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் காற்று, பயணிகள் மணிக்கணக்கில் கேபினுக்குள்ளேயே கிடந்தார்கள், கடைசியில் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் நியூஜெர்சிக்கே திரும்பியது. அட்லாண்டிக் ஹரிகேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; இது நடந்தது பிப்ரவரி மாதம்.

ஹரிகேனைப் பொறுத்தவரை கப்பலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதனால் நகர முடியும். கரீபியன் பக்கம் வரும் புயல் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்ந்து வருகிறது, கப்பல் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் ஓடும். மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை விடுகிறது, ஐந்து நாளுக்கான பாதையைக் கணித்துப் போடுகிறது, எங்கே புதிதாகக் கிளம்பலாம் என்று ஏழு நாள் முன்னாலேயே வரைபடத்தில் குறித்துக் காட்டுகிறது. ராயல் கரீபியன் தனக்கென்று ஒரு வானிலை நிபுணரையே வேலைக்கு வைத்திருக்கிறது. செப்டம்பரில் வரும் பெரிய புயல்களில் பல ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், கேப் வெர்டே தீவுகள் பக்கத்தில் பிறந்து கரீபியனுக்கு வந்து சேர ஒரு வாரம் போல எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் கேப்டன் வழியை மாற்றிவிடுவார். எல்லாப் புயலும் இப்படி அவகாசம் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 5 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பெயர் பெற்ற மில்டன், 9-ஆம் தேதி இரவே ஃப்ளோரிடாவில் கரையேறியது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் இப்படி மேற்குக் கரீபியனிலும் வளைகுடாவிலும் கிளம்புகிற புயல்கள் கூடும், உங்கள் பயணம் சரியாக அந்த மாற்றம் நடக்கிற நேரத்தில் விழுகிறது.

கப்பலே மூழ்கியதில்லையா என்று அத்தை கேட்டால் ஒளிக்க வேண்டாம், மூழ்கியிருக்கிறது. 2015-இல் ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குச் சரக்கு ஏற்றிப் போன எல் ஃபாரோ, ஹுவாக்கின் என்ற ஹரிகேனுக்குள் சிக்கி அக்டோபர் 1 அன்று மூழ்கி, அதில் இருந்த 33 பேரும் இறந்துபோனார்கள். பழைய வானிலைத் தகவலை நம்பிப் புயலுக்கு மிக அருகில் போனது ஒரு முக்கியமான காரணம் என்று விசாரணையில் வெளிவந்தது. அது சரக்குக் கப்பல், ஓடும் வழியும் குறித்த நேரமும் அதற்கு வேறு. பயணிகள் கப்பலில் "இந்தத் துறைமுகத்துக்கு இந்த நாளில் போயே ஆக வேண்டும்" என்ற கட்டாயம் கேப்டனுக்குக் கிடையாது. உங்களிடம் டிக்கெட்டோடு கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்திலேயே, எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடலாம், மாற்றலாம், அதற்கு நஷ்ட ஈடு கிடையாது என்று எழுதியிருக்கும். இதைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர். நான் இதைக் கப்பலில் இருக்கும் மிக முக்கியமான பாதுகாப்பு ஏற்பாடாகவே பார்க்கிறேன். செயின்ட் தாமஸைப் பார்க்காமல் வருவது வருத்தம்தான், ஆனால் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிற கேப்டன் உங்களுக்கு வேண்டாம்.

ஆக, கப்பலில் இருக்கும்போது உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த சீசனில் அடி வாங்குவது உங்கள் திட்டம், தேதி, சில நேரம் பணம். உங்கள் கணவர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதும் இதனால் பாதிதான் சரி.

எப்படி என்றால், கிழக்குக் கரீபியனுக்கு டிக்கெட் வாங்கிய நீங்கள் மேற்கே மெக்சிகோவின் கொசுமெலிலோ கோஸ்டா மாயாவிலோ போய் இறங்கலாம். ஏழு நாளில் நான்கு நாள் கடலிலேயே கழியலாம். தொலைவில் இருக்கிற புயல்கூட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நீண்ட அலைகளை அனுப்பும், வானம் பளிச்சென்று இருக்கும், கப்பல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கிராண்ட் கேமன் மாதிரிக் கப்பலைக் கரையில் கட்ட மேடை இல்லாமல் படகில் ஏற்றி இறக்கும் இடங்கள் இந்த அலைக்கே ரத்தாகிவிடும். தனித்தீவுகள் பலவும் அப்படித்தான், காற்று கூடினால் இறங்க விட மாட்டார்கள். இதை நன்றாக யோசியுங்கள்: நீங்கள் இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? செயின்ட் தாமஸ் கடற்கரைக்காகத்தான் என்றால் வேறு மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும் ஒரு வாரம் சமையல் வேலை, ஆபீஸ் போன் எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்க வேண்டும், எங்கே நின்றாலும் பரவாயில்லை என்றால் செப்டம்பர் கப்பல் உங்களுக்கு ஏற்றது. பாதி விலை என்பது சும்மா வரவில்லை. சீசனின் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி, ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மும்முரம், அமெரிக்காவில் பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது, அதனால்தான் இந்த விலை. 1991 முதல் 2020 வரையிலான சராசரியை எடுத்தால் ஒரு வருடத்தில் பெயர் வைக்கப்படும் புயல்கள் 14, அதில் ஹரிகேனாகிறவை 7, மிகப் பெரிதாவது 3. இத்தனையும் ஒரு பெரிய சமுத்திரம் முழுக்க ஆறு மாதத்தில் பரவிக் கிடக்கின்றன, பல கரைப்பக்கமே வராது. உங்கள் வாரத்தில், உங்கள் வழியில் ஒன்று வராமலே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் இப்போதே முடிவு செய்து வைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். புயல் கப்பலைத் தொட வேண்டியதே இல்லை, நீங்கள் திரும்பி வர வேண்டிய துறைமுகத்தை நெருங்கினாலே போதும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகங்களுக்கு நான்கு கட்ட எச்சரிக்கை வைத்திருக்கிறது: பலத்த காற்று 72 மணி நேரத்தில் வரலாம் என்றால் விஸ்கி, 48 என்றால் எக்ஸ்ரே, 24 என்றால் யாங்கி, 12 என்றால் ஜூலு. யாங்கி வந்துவிட்டாலே உள்ளே வரும் கப்பலுக்கு அனுமதி கிடைப்பது அரிது, ஜூலுவில் துறைமுகம் மொத்தமாக மூடிவிடும். புயல் கடந்த பிறகும் உடனே திறக்க மாட்டார்கள், வாய்க்காலில் மணல் சேர்ந்திருக்கிறதா, மிதவைகள் இடம் மாறிவிட்டனவா என்றெல்லாம் பார்த்த பிறகுதான். போர்ட் கனாவெரல் 2022 செப்டம்பர் கடைசியில் இயன் புயலுக்கு மூடியது, அதே வருடம் நவம்பரில் நிக்கோலுக்கு மூடியது, 2024 அக்டோபரில் மில்டனுக்கு மூடியது. நீங்கள் போகிற அதே துறைமுகம், அதில் ஒன்று கிட்டத்தட்ட அதே வாரம்.

2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்சாஸைப் புரட்டிப் போட்டபோது கால்வெஸ்டனுக்குத் திரும்ப வேண்டிய கார்னிவல் கப்பல்கள் சில நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் உணவும் எரிபொருளும் நிரப்பிக்கொண்டு காத்திருந்தன, ராயல் கரீபியனின் ஒரு கப்பல் மயாமிக்குப் போனது. உள்ளே இருந்தவர்கள் பத்திரமாக, சாப்பாட்டுக்குக் குறையில்லாமல் இருந்தார்கள், ஆனால் வீடு திரும்பப் பல நாள் தாமதமாயிற்று. அப்படி ஒரு வாரம் உங்களுக்கு வந்தால் ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும், ஆனால் சென்னை ஃப்ளைட் காத்திருக்காது. சர்வதேச டிக்கெட்டில் முதல் ஃப்ளைட்டுக்குப் போகவில்லை என்றால் மிச்சம் இருக்கிற டிக்கெட்டும் ரத்தாகிவிடும். கடைசி நேரத்தில் இரண்டு பெரியவர்களுக்கு அட்லாண்டாவிலிருந்து சென்னைக்கு ஒருவழி டிக்கெட் வாங்கிப் பாருங்கள், கப்பலில் மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் அதில் போய்விடும்.

அதனால் இந்த வாரமே ஏர்லைன்ஸைக் கூப்பிட்டு, கப்பல் திரும்பும் நாளிலிருந்து ஏழு நாளாவது தள்ளித் தேதி கேளுங்கள். அதற்கு முன்னால் மாமா அத்தையின் ஐ-94-இல் (அமெரிக்காவுக்குள் நுழையும்போது தரும் பதிவு) என்ன தேதி போட்டிருக்கிறது என்று இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அவர்கள் அமெரிக்காவில் எதுவரை இருக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்தத் தேதிதான், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் பத்து வருடம் என்று இருப்பது வேறு. புதிய ஃப்ளைட் அந்தத் தேதிக்குள் விழ வேண்டும். கப்பலிலிருந்து திரும்பி உள்ளே வரும்போது புதிதாக ஐ-94 தருவார்கள், தேதி நீளும் என்று சிலர் சொல்வார்கள். அதிகாரி தரலாம், தராமலும் போகலாம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காகிதங்களைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும் அல்ல, படிக்கிற மற்றவர்களுக்கும். வழி மாறினால் நீங்கள் இறங்கும் நாடும் மாறும். வேலை விசாவான எச்-1பி, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 இவற்றில் இருப்பவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, அதாவது ஸ்டாம்பிங், காலாவதியாகியிருக்கும், அப்ரூவல் நோட்டீஸ் மட்டும் கையில் இருக்கும். ஐ-94 செல்லுபடியாக இருந்து, மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் 30 நாளுக்குள் போய் வந்தால் பழைய ஸ்டாம்பிங்கோடு உள்ளே வர விதி இருக்கிறது. கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை மாணவர் விசாவான எஃப், பரிமாற்ற விசாவான ஜே இரண்டுக்கும்தான், எச்-1பி குடும்பத்துக்கு இல்லை. கொசுமெல் மட்டும் போகிற கப்பல் என்று நம்பி ஏறியவர்கள், புயலால் அது பஹாமாஸுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்பல் முதலிலேயே பஹாமாஸைத் தொடுகிறது, ஆகவே நீங்களும் எச்-1பி, எச்-4-இல் இருந்தால் உங்கள் இருவருடைய ஸ்டாம்பிங்கும் திரும்பி வரும் தேதிக்கு அப்புறமும் செல்ல வேண்டும், மாமா அத்தையுடையது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஏறுகிறோம், வழி மாறினால் போகக்கூடிய நாடுகளுக்கு விசா ஏதாவது வேண்டுமா என்று கப்பல் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்ன பதில் துறைமுகத்தில் நிற்கும்போது உதவாது.

இன்ஷூரன்ஸ். இதில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பணம் தராது. சுழலும் காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டதும் பெயர் வைத்துவிடுவார்கள், அப்போது அது உங்கள் துறைமுகத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி, கதவு மூடிவிட்டது. எனவே பாலிசியை இப்போதே வாங்குங்கள். அதிலும் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, டெபாசிட் கட்டி ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. "எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்" என்ற கூடுதல் பாதுகாப்பை முதல் பணம் கட்டியதிலிருந்து 14 அல்லது 21 நாளுக்குள்தான் வாங்க முடியும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வரை ரத்து செய்யலாம். சாதாரணப் பாலிசியில் "எனக்குப் பயமாக இருக்கிறது, போகவில்லை" என்பது காரணமாகாது. கப்பல் கிளம்புகிறது, செயின்ட் தாமஸுக்குப் பதில் கொசுமெல் போகிறது என்றால் அதற்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அத்தைக்கு இருக்கிற பயத்தைப் பார்த்தால், இந்தக் கூடுதல் தொகை கொடுத்து வாங்குவது வீண் என்று நான் நினைக்கவில்லை.

கப்பல் கம்பெனி டிக்கெட்டோடு விற்கிற பாலிசியைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள். பலவற்றில் திரும்பத் தருவது பணமாக இல்லாமல் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாக இருக்கும், அடுத்த வருடம் மாமா அத்தை இங்கே இருக்க மாட்டார்கள், அந்தக் கிரெடிட்டை வைத்து என்ன செய்வது? வெளியே வாங்கும் பாலிசியில் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: புயலால் ரத்து, பாதியில் முடிந்தால் மிச்சப் பணம், தாமதமானால் ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நாள் ஒன்றுக்கு எவ்வளவு, கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் செலவு. மாமா அத்தைக்கு ஏற்கெனவே எடுத்திருக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் அமெரிக்க மண்ணைத் தாண்டிக் கடலிலும் செல்லுமா, பழைய நோய்களுக்குச் செல்லுமா என்று தனியாகக் கேளுங்கள். கப்பலில் இருக்கும் டாக்டர் பார்த்தால் பில் நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும், அப்புறம் நீங்கள்தான் இன்ஷூரன்ஸிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கப்பல் கம்பெனியிடமிருந்து உங்களுக்கு என்ன வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும். போகாமல் விட்ட துறைமுகத்தின் வரியும் கட்டணமும் திரும்பி வரும், கப்பல் மூலமாகப் பதிவு செய்த சுற்றுலாப் பணம் வரும். வெளியாரிடம் பதிவு செய்திருந்தால் அவர்களிடம் நீங்கள்தான் மல்லுக்கு நிற்க வேண்டும், ஆகவே இந்த சீசனில் மட்டும் கொஞ்சம் விலை கூடினாலும் கப்பல் மூலமாகவே வாங்குங்கள் என்பேன். பயணமே ரத்தானால், அல்லது கிளம்புவது மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போய் நீங்கள் ஏற விரும்பாவிட்டால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணிகளுக்கு உண்டு. அமெரிக்கக் கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் மேரிடைம் கமிஷன் 2022-இல் அதை விதியாகவே ஆக்கிவிட்டது. கிரெடிட்டாக வாங்கிக்கொள்ளச் சொல்லி இனிப்பாகப் பேசுவார்கள், உங்கள் நிலைமையில் பணமாகவே கேளுங்கள்.

நீங்கள் காரில் போவதாக இருந்தால் மிக நல்லது. அட்லாண்டாவிலிருந்து போர்ட் கனாவெரல் ஏழு மணி நேரம் போல ஆகும், முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள், ரத்து செய்தால் பணம் பிடிக்காத அறையாகப் பார்த்துப் போடுங்கள். கப்பல் வேறு துறைமுகத்தில் போய் நின்றால் கார் நிற்கும் இடத்துக்குக் கம்பெனி பெரும்பாலும் பஸ் ஏற்பாடு செய்யும், ஆனால் நான்கு வயதுக் குழந்தையோடும் பெரியவர்களோடும் அந்தப் பஸ் பயணம் சுகமாக இருக்காது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில். ஏறும்போது ஊழியர்கள் வாங்கிக்கொண்டு போகும் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும், அதில் போடாதீர்கள். கடல் ஆட்டத்துக்குத் தலைசுற்றல் மாத்திரை மாமா அத்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் டாக்டரிடம் கேளுங்கள், இவற்றில் பல தூக்கம் தரும், கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருப்பவர்களுக்குச் சில சரிப்படாது. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டையைக் குழந்தைகளுக்குப் போடக் கூடாது, பிள்ளைகளுக்கு என்ன, எவ்வளவு என்று குழந்தை மருத்துவர் சொல்லட்டும். கேபின் எது என்று இன்னும் தேர்ந்தெடுக்க முடிந்தால், முன்பக்கமும் மேல்மாடியும் வேண்டாம், நடுவில் கீழ்த்தளம். ஊஞ்சலில் பலகை ஆடுகிற அளவுக்குச் சங்கிலியின் மேல்முனை ஆடுவதில்லை, கப்பலிலும் நடுப்பகுதி அப்படித்தான். இரண்டு கேபினும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கதவு திறக்கிற மாதிரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். காற்று கூடினால் வெளித் தளங்களை அடைத்துவிடுவார்கள், நீச்சல் குளத்தைக் காலி செய்துவிடுவார்கள், அந்த நேரத்தில் பெண் குழந்தைக்குப் பாட்டியின் அறைதான் விளையாட்டு மைதானம். கிரேயான், சின்னப் பலகை விளையாட்டு, அவள் விரும்பிச் சாப்பிடும் தின்பண்டம் இரண்டு பாக்கெட், போதும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து காலையும் மாலையும் ஹரிகேன் மையத்தின் பக்கத்தை மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பதினாறு நாள் வரைபடங்களைப் பார்க்காதீர்கள், அத்தைக்கும் அனுப்ப வேண்டாம் என்று உறவுக்காரர்களிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். மையம் போடுகிற அந்த வெள்ளைக் கூம்பைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். புயலின் நடுப்புள்ளி கூம்புக்குள் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள், புயலின் அகலத்தை அது காட்டுவதில்லை. கூம்புக்கு வெளியே இருக்கிற ஊரிலும் காற்றும் மழையும் வெளுத்து வாங்கும்.

வேறு கப்பல் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரூபா, பொனேர், குரசாவ் மூன்றும் ஏறக்குறைய 12 டிகிரி அட்சத்தில், வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. பாதுகாப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் இல்லை. அதே அட்சத்தை ஒட்டிய கிரெனடாவின் கரியாக்கூ தீவை 2024 ஜூலை 1 அன்று பெரில் ஹரிகேன் நாசம் செய்துவிட்டது. அந்தத் தீவுகளுக்குப் போகும் கப்பலும் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலோ சான் ஹுவானிலோதான் கிளம்பும், ஆகவே திரும்பும் துறைமுகச் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஃப்ளைட் தேதியை மாற்ற முடியாத நிலை என்றால் எனக்குத் தோன்றுகிற நல்ல வழி அலாஸ்கா. செப்டம்பர் நடுவிலும் சியாட்டிலிலிருந்து கப்பல்கள் உண்டு, குளிரும் மழையும் இருக்கும், ஹரிகேன் இருக்காது. கனடாவைத் தொடும் என்பதால் மாமா அத்தைக்குக் கனடா விசா தேவைப்படுமா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். பையனுக்கு நாலைந்து நாள் பள்ளி போகும், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அத்தையிடம் பேசும்போது "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சொல்லுக்குப் பயம் குறையாது. கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போகும், சொன்ன ஊருக்குப் போகாமல் இருக்கலாம், இரண்டு நாள் தாமதமாகத் திரும்பலாம், அதற்கும் சேர்த்துத்தான் ஃப்ளைட்டைத் தள்ளி வைத்திருக்கிறோம், மாத்திரை கூடுதலாக வைத்திருக்கிறோம், பிடிக்கவில்லை என்றால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வரைகூட நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். இத்தனையும் கேட்ட பிறகும் அவருக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், ஏழு நாளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார், உங்களில் யாருக்கும் அந்த வாரம் இனிக்காது.

முதலில் ஐ-94, அடுத்து ஏர்லைன்ஸ், அப்புறம் பாலிசி, இந்த மூன்றும் முடிந்த பிறகு முழுப் பணம். ஏர்லைன்ஸ் தேதி மாற்ற அதிகம் கேட்டால், எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் கேபின் எண்களையும் எனக்கு எழுதுங்கள், கெடுவுக்கு முன்னால் வேறு வாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.